இரவல் பறவை

எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியின் மூலையில் ஒரு படம் செருகப்பட்டிருக்கின்றது. வளைகுடா நாடொன்றில் பதினொரு வருடங்கள் வீட்டுச் சாரதியாக இருந்த எனது வாப்பா அனுப்பிய படம் அது. ஆனால் படத்தில் வாப்பா இல்லை. பச்சைக் கம்பளம் சுற்றிய சிறிய தாங்கியொன்றின் மேல், கண்களைத் தோல் முகமூடி மறைத்திருக்க, மண்ணிறப் பறவையொன்று நிமிர்ந்து நிற்கின்றது. "உங்கட முகத்தக் காட்டச் சொன்னா ஒரு பருந்தக் காட்டுறீங்க" என்று உம்மா தொலைபேசியில் கோபித்துக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

"அது பருந்தில்ல, ஸக்ர். இந்த வீட்டுல அதுக்குத்தான் முதல் மரியாதை" என்றார் வாப்பா. அதற்குத் தனி அறை இருந்ததாம். கோடையில் ஒரு நிமிடம்கூட அங்கே குளிரூட்டி நிற்காதாம். சுகமில்லை என்றால் பறவைகளுக்கென்றே உள்ள வைத்தியசாலைக்கு வாப்பாதான் அதைக் காரில் கொண்டுபோவாராம். அதற்குக் கடவுச்சீட்டும் உண்டாம். "என்ட பாஸ்போட் முதலாளிட பெட்டிக்குள்ள. அதுட பாஸ்போட்டும் அதே பெட்டிக்குள்ளதான்" என்று சொல்லிச் சிரிப்பார். சிறுபிள்ளையாக இருந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

வாப்பா நாடு திரும்பி மூன்று வருடங்களாகின்றன. சென்ற தவணை விடுமுறையில், அந்தப் படத்தில் உள்ள பறவை எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவலில் தேடித்தேடி வாசித்தேன். வாசித்து முடித்தபோது அந்தப் பழைய சிரிப்பு என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

வாப்பா 'ஸக்ர்' என்று சொன்ன பறவையை உலகம் சாக்கர் வல்லூறு என்று அழைக்கின்றது. 'சாக்கர்' என்ற பெயரே அரபுச் சொல்லிலிருந்து போனதுதான். ஆனால் அதன் தாயகம் அரபு மண் அல்ல. புவியியல் பாடத்தில் நாம் ஸ்டெப்பிப் புல்வெளிகள் என்று படித்தோமே, ஹங்கேரியில் தொடங்கி உக்ரேன், ரஷ்யா, கசகஸ்தான் வழியாக மொங்கோலியா, சீனா வரை நீண்டு கிடக்கும் அந்த மரமற்ற சமவெளிதான் அதன் வீடு. பாடப்புத்தகம் நமக்குக் கோதுமையையும் குதிரைகளையும் சொல்லித் தந்தது. அந்தப் புல்லுக்கு மேலே பறக்கும் இந்த அரசனைப் பற்றிச் சொல்லவில்லை.

சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கும் அதிகமான அகலம். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. இது தானாகக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ, அண்டங்காகமோ வேறு பெரிய பறவையோ கட்டிவிட்டுப் போன பழைய கூட்டிலோ மூன்று முதல் ஐந்து வரையான முட்டைகளை இடும். தரை அணில்களும் சிற்றெலிகளுமே இதன் பிரதான உணவு. பனிக்காலம் வரும்போது பல பறவைகள் தெற்கு நோக்கிக் கிளம்பும். சில பாகிஸ்தானுக்கும் வட இந்தியாவுக்கும், சில அரேபியாவுக்கும், சில அதையும் தாண்டிக் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் போகும். இளவேனில் வந்ததும் மீண்டும் புல்வெளிக்குத் திரும்பும். 'போவதும் திரும்புவதும்' என்ற இரண்டு சொற்களுக்குள் அதன் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகின்றது.

அந்தத் திரும்புதல்தான் இன்று தடைப்பட்டிருக்கின்றது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2012 ஆம் ஆண்டு சாக்கர் வல்லூறை 'அருகிவரும் இனம்' என்ற வகைக்குள் சேர்த்தது. 1993 முதல் 2012 வரையான 19 ஆண்டுகளில் இதன் தொகை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருக்கக்கூடும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உலகம் முழுவதிலும் எஞ்சியுள்ள வளர்ந்த பறவைகள் 12,200 இற்கும் 29,800 இற்கும் இடைப்பட்டவை என்பது ஒரு மதிப்பீடு. பெரிய எண்ணை எடுத்தாலும்கூட, ஐரோப்பாவிலிருந்து சீனா வரையான நிலத்துக்கு அது எவ்வளவு சொற்பம்!

ஏன் இந்த நிலை? இங்கேதான் நாம் இலகுவான பதிலுக்குள் விழுந்துவிடுகின்றோம். ஒரு சாரார், "பணக்கார அரபிகளின் பொழுதுபோக்குத்தான் காரணம்" என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மறுசாரார், "வல்லூறு வளர்ப்பது நம்மவர்களின் பாரம்பரியம், அதைக் குறை சொல்லாதீர்கள்" என்று கதவை மூடிவிடுவார்கள். இரண்டு பதில்களும் பறவைக்கு உதவவில்லை என்பது எனது கருத்து.

பாரம்பரியம் என்று சொல்பவர்களிடம், அந்தப் பாரம்பரியம் உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்க விரும்புகின்றேன். பாலைவனத்துப் பதவிகள் இலையுதிர்காலத்தில், தெற்கு நோக்கி வரும் வல்லூறுகளைப் பிடித்தார்கள். சில வாரங்கள் பக்கத்திலேயே வைத்துப் பழக்கினார்கள். குளிர்காலம் முழுவதும் அதன் துணையோடு ஹூபாரா எனும் பாலைவனப் பறவையையும் முயலையும் வேட்டையாடினார்கள். அது விளையாட்டு அல்ல. கூடாரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இறைச்சி. வெயில் ஏறத் தொடங்கியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? பறவையை விட்டுவிட்டார்கள். கோடை வெப்பத்தில் அதைக் காப்பாற்றி வைக்க அவர்களிடம் வசதி இல்லை. ஆகவே, அது வடக்கே தன் புல்வெளிக்குப் போய்க் குஞ்சு பொரித்தது. அடுத்த ஆண்டு வேறொரு பறவை வந்தது.

அந்த ஏழைப் பதவி பறவையை உரிமையாக்கிக்கொள்ளவில்லை. இரவலாக வாங்கினார், தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார். நமது ஊரில் இரவல் வாங்கிய தாச்சியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது போல. அமானிதம் என்ற சொல்லின் பொருள் அதுதானே? 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு வல்லூறு வளர்ப்புக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருமைக்குப் பின்னால் உள்ள பாதி உண்மை இந்தத் 'திருப்பிக் கொடுத்தல்' என்றே நான் நினைக்கின்றேன்.

எண்ணெய் வந்தது, பணம் வந்தது, குளிரூட்டி வந்தது. குளிரூட்டி வந்த பிறகு பறவையைக் கோடையிலும் வைத்திருக்க முடிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாமற்போனது. "எங்களுக்கு ஏசி உடைஞ்ச நாள் இருந்திச்சி மகள். அதுக்கு உடைஞ்ச நாள் இல்ல" என்று வாப்பா சொன்னதன் முழுப் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகின்றது. அந்தக் குளிர் அறை பறவைக்குக் கிடைத்த மரியாதை மட்டுமல்ல. அது வீடு திரும்பும் பாதையை அடைத்த சுவரும்கூட.

மறுபக்கத்தில் 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. கசகஸ்தான் போன்ற நாடுகளில் தொழிலின்றி நின்ற மக்களுக்கு, வானத்தில் பறக்கும் ஒரு பறவையின் விலை பல வருடச் சம்பளமாகத் தெரிந்தது. எல்லைகளில் காவல் தளர்ந்திருந்தது. துணியில் சுற்றி, பெட்டிகளில் அடைத்து, களவாக விமானங்களில் ஏற்றினார்கள். வழியிலேயே இறந்தவை எத்தனையோ! மத்திய கிழக்கில் ஆண்டொன்றுக்கு 6,825 முதல் 8,400 வரையான சாக்கர் வல்லூறுகள் வாங்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு சொல்கின்றது. அவற்றுள் 77 வீதமானவை இளம் பெண் பறவைகள். 19 வீதமானவை வளர்ந்த பெண் பறவைகள். பெண் பறவை பெரியது, பலமானது, ஆகவே விலை கூடியது. நூறு பறவைகள் பிடிபட்டால் தொண்ணூற்றாறு பெண்! முட்டையிட வேண்டியவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, "இந்த இனம் ஏன் குறைகின்றது?" என்று கேட்பது எவ்வளவு வேடிக்கை! பெண் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் சஞ்சிகையில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிட்டால் நானும் முதலாவது சாராரோடு சேர்ந்துவிடுவேன். பறவை பிடிப்பவர்களை விடவும் அமைதியாகக் கொல்லும் ஒன்று அந்தப் புல்வெளியில் நிற்கின்றது. அது மின்கம்பம்.

முதலில் எனக்கு இது நம்பமுடியாததாகவே இருந்தது. நமது தெருவில் காகங்கள் நாள்தோறும் கம்பியில் வரிசையாக அமர்கின்றனவே என்று நினைத்தேன். ஆனால் மரமே இல்லாத சமவெளியைக் கற்பனை செய்து பாருங்கள். உயரத்தில் அமர்ந்து இரை தேடும் பறவைக்கு அங்கே கம்பத்தைத் தவிர வேறு இருக்கை இல்லை. மொங்கோலியாவின் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் நடுத்தர அழுத்தக் கம்பங்களில் பல கொங்கிறீற்றால் ஆனவை. தலையில் இரும்புக் குறுக்குச் சட்டம். சட்டமும் கம்பத்தின் உள்ளேயுள்ள இரும்பும் நிலத்தோடு தொடர்புபட்டிருக்கும். மின்கம்பியோ சட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் போகும். பறவை சட்டத்தில் கால் வைத்துச் சிறகை விரிக்கும். சிறகு கம்பியில் தொடும். அவ்வளவுதான். காகத்துக்கு எட்டாத தூரம் வல்லூறுக்கு எட்டிவிடுகின்றது. பெரிய சிறகே அதற்கு எமனாகின்றது.

மொங்கோலியாவில் மாத்திரம் ஆண்டுதோறும் சுமார் 4,000 சாக்கர் வல்லூறுகள் இவ்வாறு மின்சாரம் தாக்கி இறந்துவந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. மற்ற இரைகௌவிப் பறவைகளையும் சேர்த்தால் அந்த எண் 18,000 ஐத் தொடுகின்றது. இதே புல்வெளியில் வாழும் ஸ்டெப்பிக் கழுகும் இதே கம்பங்களில்தான் செத்து விழுகின்றது. இங்கே யாருக்கும் பறவை மேல் பகை இல்லை. கம்பத்தை நட்டவர் கெட்டவர் அல்லர். தூரத்துக் கிராமமொன்றில் ஒரு பிள்ளை இரவில் படிப்பதற்காகவே அதை நட்டார். ஆனால் நடும்போது, "இதன் மேல் யார் வந்து அமர்வார்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியின் விலை ஆண்டுக்கு நாலாயிரம் உயிர்கள்.

மூன்றாவது காரணம் நிலத்தில் இருக்கின்றது. வல்லூறின் உணவான தரை அணில் குட்டைப் புல்லில்தான் வாழும். தூரத்தில் வரும் ஆபத்தைக் காண அதற்குப் புல் தாழ்ந்திருக்க வேண்டும். புல்வெளியை உழுது வயலாக்கினால் அது போய்விடும். ஆச்சரியம் என்னவென்றால், ஆடுமாடு மேய்ப்பதை முற்றாக நிறுத்தினாலும் புல் உயர்ந்து அது போய்விடும். ஐரோப்பாவில் உழவு பெருகியும் மந்தைகள் குறைந்தும் தரை அணில்கள் அருகின. 2000 களின் தொடக்கத்தில் மொங்கோலியாவில் புல்லைத் தின்னும் சிற்றெலிகளை ஒழிக்க நஞ்சு கலந்த தானியம் பரந்த நிலங்களில் தூவப்பட்டது. நஞ்சு தின்ற எலியைத் தின்ற பறவைகளும் மடிந்தன. அந்த நஞ்சு எலியை மாத்திரம் கொல்லவில்லை. அது கைமாறிக் கைமாறி மேலே போய்க்கொண்டே இருக்கும்.

இத்தனையையும் வாசித்துவிட்டு நம்பிக்கை இழக்க வேண்டுமா? இல்லை. நல்ல செய்திகளும் இருக்கின்றன. அவற்றுள் சில, நாம் குற்றம் சாட்டிய அதே இடத்திலிருந்து வருகின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 1995 முதல் ஒரு திட்டம் நடைபெறுகின்றது. வேட்டைக் காலம் முடிந்தபின் வல்லூறுகளைப் பரிசோதித்து, பறக்கப் பயிற்சி கொடுத்து, பாகிஸ்தான், ஈரான், கசகஸ்தான் முதலிய நாடுகளில் விடுவிக்கின்றார்கள். இதுவரை 2,000 இற்கும் அதிகமான பறவைகள் இவ்வாறு வானம் கண்டுள்ளன. பழைய பதவியின் பழக்கம் புதிய உருவில் திரும்பியிருக்கின்றது என்று சொல்லலாம். வாப்பா சொன்ன கடவுச்சீட்டும் விளையாட்டல்ல. பறவை களவாகப் பிடிக்கப்பட்டதல்ல என்பதற்கான சான்று அது. பண்ணைகளில் பிறந்து வளரும் வல்லூறுகள் இப்போது அங்கே பெருமளவில் பயன்படுத்தப்படுகின்றன. அபுதாபியின் நிதியுதவியுடன் 2010 ஆம் ஆண்டளவில் மொங்கோலியச் சமவெளிகளில் 5,000 செயற்கைக் கூடுகள் நாட்டப்பட்டன. பாறையும் மரமும் இல்லாத இடத்தில், ஒரு கம்பத்தின் மேல் தகரப் பீப்பாய் போன்ற கூடு. வல்லூறுகள் வந்து குடியேறி ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பொரித்தன. அண்மைய ஆண்டுகளில், பறவைகளைக் கொன்றுவந்த 27,000 மின்கம்பங்களுக்கு அபுதாபியை மையமாகக் கொண்ட நிதியமொன்றின் செலவில் காப்பு உறைகள் மாட்டப்பட்டுள்ளன.

2012 இல் மொங்கோலியா சாக்கர் வல்லூறைத் தனது தேசியப் பறவையாக அறிவித்தது. ஹங்கேரியிலோ கதை இன்னும் இனிமையானது. 1980 களில் அங்கே சில பத்துச் சோடிகளே எஞ்சியிருந்தன. கூடுகளுக்கு இரவு பகலாகக் காவலிருந்தார்கள். உயரழுத்த மின்கோபுரங்களின் மேலேயே கூட்டுப் பெட்டிகளைப் பொருத்தினார்கள். ஆபத்தான கம்பங்களுக்கு உறை போட்டார்கள். இன்று அங்கே நூற்றுக்கும் அதிகமான சோடிகள் வாழ்கின்றன. கொல்லும் மின்சாரப் பாதையையே குடியிருக்கும் வீடாக மாற்ற முடியுமென்றால், 'முடியாது' என்று சொல்ல நமக்கு என்ன இருக்கின்றது?

இதனை வகுப்பில் சொன்னபோது தோழியொருத்தி, "அப்படியென்றால் வல்லூறு வளர்ப்பதையே முற்றாகத் தடைசெய்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை. சோவியத்துக்குப் பிந்திய காலத்தில் பறவைகளை அள்ளிச் சென்றவர்கள் அனுமதி பெற்றா சென்றார்கள்? தடை இருந்தது, பின்கதவும் இருந்தது. அதுமட்டுமன்றி, இந்தப் பறவைக்காகத் தன் பணப்பையைத் திறக்க உலகில் யாராவது இருக்கின்றார்கள் என்றால், அவர்கள் அதனைக் கையில் ஏந்தி வளர்த்தவர்களே. மொங்கோலியக் கம்பத்துக்கு உறை வாங்கிக் கொடுத்தது அந்த அன்புதான். அன்பைத் தடைசெய்ய வேண்டாம். அன்புக்குக் கணக்குக் கேட்போம். காட்டுப் பறவையை வாங்காதே, பண்ணையில் பிறந்ததை வாங்கு. நீ மகிழ்ந்த பறவையின் இனத்துக்கு ஒரு பங்கைத் திருப்பிக் கொடு. இதுவே எனது கோரிக்கை.

இன்னொருத்தி கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. "அரிசி விலையும் மின்கட்டணமும் ஏறிக்கிடக்கின்றன. மொங்கோலியாவில் ஒரு பறவை செத்தால் எங்களுக்கு என்ன?"

அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் அலுமாரியில் இருந்த படத்தைப் பார்த்தேன். பிறகுதான் பதில் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டது அந்த வீட்டுச் சம்பளம். எனது பாடசாலைச் சப்பாத்தும் தனியார் வகுப்புக் கட்டணமும் அந்தச் சம்பளம். வெயிலில் காரைச் செலுத்தி, அந்தப் பறவையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது வாப்பாவின் வேலைகளில் ஒன்று. அப்படியானால் அந்தப் பறவை சிறைப்பட்டிருந்ததில் நான் உண்ட சோற்றுக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. நமது ஊர்களில் வளைகுடாப் பணம் நுழையாத வீடு எத்தனை? மொங்கோலியா நமக்குத் தூரம்தான். ஆனால் அதன் பறவை நமது வாப்பாமாரின் கைகளுக்குள் இருந்திருக்கின்றது.

அன்பான பெற்றோர்களே, தோழிகளே! நம்மால் புல்வெளிக்குப் போக முடியாது. கம்பத்துக்கு உறை மாட்டவும் முடியாது. என்றாலும் நம்மால் முடிந்த சில உண்டு. காட்டில் பிடித்த வல்லூறு பெருந்தொகைக்கு ஏலம் போனதாகக் கைபேசியில் வரும் காணொளிகளை "மாஷா அல்லாஹ்" என்று எழுதிப் பகிர்வதை நிறுத்தலாம். பகிர வேண்டுமென்றால், பறவையொன்று விடுவிக்கப்படும் காணொளியைப் பகிரலாம். வளைகுடாவில் இருக்கும் நானாமார், மாமாமார் தாம் வேலை செய்யும் வீட்டில் வல்லூறு இருந்தால், "இது பண்ணையில் பிறந்ததா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். கேள்வி சிறியதுதான். மின்கம்பத்தை நட்டவர் கேட்காமல் விட்டதும் சிறிய கேள்விதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது பிள்ளைகளுக்கு நேசத்தின் இலக்கணத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஒன்றை நேசிப்பது என்றால் அதை நம் வீட்டில் வைத்துக்கொள்வது என்றே நாம் பழகியிருக்கின்றோம். கூட்டில் கிளி வளர்ப்பதிலிருந்து குளிர் அறையில் வல்லூறு வளர்ப்பது வரை அதே பழக்கம்தான். இந்தப் பூமியில் நம் கைக்கு வந்த உயிர்கள் எவையும் நமது சொத்து அல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஒப்படைக்கப்பட்டதைக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாத எனது மூத்தம்மாவுக்கே தெரியும்.

இதனை எழுதத் தொடங்கிய அன்று வாப்பாவிடம் கேட்டேன்: "அந்தப் படத்தில இருக்கிற ஸக்ர் கடைசில என்ன ஆச்சு, வாப்பா?"

வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவர் திரும்பி வருவதற்கு முந்திய வருடம், மார்ச் மாதத்தில், பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்களாம். முகமூடியைக் கழற்றி விட்டதும் மேலே எழும்பியது. சீழ்க்கை அடித்தார்கள், இரை கட்டிய கயிற்றைச் சுழற்றிக் காட்டினார்கள். அது இறங்கவே இல்லையாம். இரண்டு நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை. முதலாளி பிள்ளையை இழந்தவர் போல அழுதாராம்.

"நீங்க?"

"நானும் தேடினன். ஆனா கிடைக்கக் கூடாதெண்டு மனசுக்குள்ள நினைச்சன். எனக்கும் ஊருக்கு வர ஆசையாத்தானே இருந்திச்சி, மகள்."

வாப்பாவின் கடவுச்சீட்டு பெட்டியை விட்டு வெளியே வந்தது. அவர் வந்துவிட்டார். அந்தப் பறவையும் வடக்கே போயிருக்கும் என்று நம்பவே எனக்கு விருப்பம். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து, களைத்து, தன் புல்வெளியின் விளிம்பில் முதலாவதாகக் காணும் உயரமான இடத்தில் அது இறங்கியிருக்கும். அது எந்தக் கம்பமாக இருந்திருக்கும்? உறை மாட்டிய கம்பமா, மாட்டாத கம்பமா?